கப்பல் புறப்படும் நேரம் வேறு, நாம் ஏறும் நேரம் வேறு

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தாய்மாரை அழைப்பிக்கும்போது, பேரப்பிள்ளையைப் பார்ப்பது, ஒரு கலியாணவீடு, ஒரு கோயில் திருவிழா என்பவற்றோடு அந்தப் பயணம் முன்பெல்லாம் முடிந்துவிடும். இப்போது உல்லாசக் கப்பலும் அதில் சேர்ந்திருக்கின்றது. கனடாவிலுள்ள பிள்ளைகள் தாயை அமெரிக்காவின் புளோரிடாவுக்குக் கூட்டிச் சென்று மியாமியில் கப்பலேற்றுகின்றனர். லண்டனிலுள்ளவர்களுக்குச் சவுதாம்டன் துறைமுகம் கிட்ட. 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து வந்த ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு வந்து சென்றபோது, அப்படியொரு கப்பலின் மாடிகளை எம்மில் பலர் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

முதியோர் சங்கக் கூட்டங்களுக்குச் செல்லும்போது இப்படிப் போய் வந்த தாய்மாரையும், போகவிருக்கும் தாய்மாரையும் சந்திக்கின்றேன். என்ன கப்பல், எந்தத் துறைமுகம், எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “அது மகனுக்குத் தெரியும் பிள்ளை, நான் சும்மா கூடப் போறதுதானே.” இந்தச் ‘சும்மா கூடப் போவது’ பஸ்ஸிலும் ரயிலிலும் சரிவரலாம். கப்பலில் சரிவராது. அங்கே குடும்பமாகப் போனாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதியப்பட்டு, படம் எடுக்கப்பட்டு, கேள்வி கேட்கப்பட்டே உள்ளே விடப்படுவர்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். பயணச்சீட்டில் ‘பின்னேரம் 4 மணி’ என்றிருந்தால் அது கப்பல் கரையை விட்டு நகரும் நேரம். அந்த நேரத்துக்குப் போனால் கப்பலின் பின்பக்கத்தைத்தான் பார்க்கலாம். பயணிகளைப் பதியும் கருமபீடம், கம்பனியைப் பொறுத்து, அதற்கு 60 முதல் 90 நிமிடங்களுக்கு முன்னரே மூடப்பட்டுவிடும். அமெரிக்கத் துறைமுகங்களில் இது கம்பனியின் விருப்பம் மட்டுமல்ல. கப்பலிலுள்ள அனைவரதும் பெயர்ப்பட்டியல் புறப்படுவதற்கு ஆகக் குறைந்தது 60 நிமிடங்களுக்கு முன் அந்நாட்டு எல்லைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குக் கணினி மூலம் போய்ச்சேர வேண்டும் என்பது சட்டம். பட்டியல் போன பின்னர் ஓடி வருபவரைக் கெஞ்சினாலும் ஏற்றமாட்டார்கள்.

சரி, அப்படியானால் விடியவே போய் நிற்கலாம்தானே என்று தோன்றும். எங்கள் ஆட்கள் விமான நிலையத்துக்கு ஐந்து மணித்தியாலம் முன்பே போய் நிற்பவர்கள்! கப்பலில் அதற்கும் இடமில்லை. அன்று காலையில்தான் அதே கப்பல் முந்திய பயணத்தை முடித்துக்கொண்டு துறைமுகத்துக்கு வந்திருக்கும். 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து ஓடத்தொடங்கிய ‘ஐகோன் ஒஃப் த சீஸ்’ என்ற கப்பல் நிரம்பினால் 7,600 பயணிகளைக் கொள்ளும். ஒரு சிறிய பட்டினத்துச் சனம் காலையில் இறங்க, இன்னொரு பட்டினத்துச் சனம் பின்னேரத்துக்குள் ஏற வேண்டும். இடையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் துப்புரவாக்கப்பட்டு, ஒரு வாரச் சாப்பாட்டுச் சாமான்களும் ஏற்றப்பட வேண்டும். எனவேதான் பயணிகளுக்கு ஆளுக்கொரு வருகை நேரம் கொடுக்கின்றனர். பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் இணையத்தில் பதியும்போது, 12 மணி, 12.30 என்று அரைமணித்தியாலக் கணக்கில் அந்த நேரத்தைத் தெரிவு செய்யலாம். பிந்திப் பதிபவர்களுக்குப் பிந்திய நேரமே மிஞ்சும். மிகவும் முந்திப் போனால் வெளியில் வெயிலிலோ குளிரிலோ நிற்க நேரிடும். முழங்கால் நோவுள்ள ஒரு தாய்க்கு இது சிறிய விடயமல்ல. மகளிடம் ‘எங்களுக்குத் தந்த நேரம் என்ன?’ என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு நகரத்திலிருந்து விமானத்தில் போய்க் கப்பலேறுபவர்கள் முதல் நாளே துறைமுக நகரத்துக்குப் போய்த் தங்குவது நல்லது. அன்றைய விமானம் மூன்று மணித்தியாலம் தாமதித்தால், ஒரு வருடமாகச் சேர்த்த காசு கரையிலேயே நின்றுவிடும்.

அடுத்தது பெயர். எமது பெண்களின் பத்திரங்களில் உள்ள சிக்கல் சொல்லி மாளாது. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர், அடையாள அட்டையில் முதலெழுத்து, கடவுச்சீட்டில் கணவன் பெயர், வீட்டில் கூப்பிடுவது இன்னொரு பெயர். மகள் அவசரத்தில் தனக்குப் பழக்கமான பெயரைப் போட்டுப் பதிந்துவிடுவார். கடவுச்சீட்டில் எந்த எழுத்துக் கூட்டலில் எந்த ஒழுங்கில் இருக்கின்றதோ, அதே ஒழுங்கில் கப்பல் பதிவிலும் இருக்க வேண்டும். கடவுச்சீட்டின் முதற்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, அதைப் பார்த்துப் பதியச் சொல்லுங்கள். பயணம் முடியும் திகதிக்குப் பின் ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும் என்றே பல கம்பனிகள் எதிர்பார்க்கின்றன.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய இடி விசாவிலேதான் விழுகின்றது. பிரித்தானிய விசாவில் மகளிடம் போயிருந்த ஒரு தாயின் கதையை அவரே எனக்குச் சொன்னார். சவுதாம்டனிலிருந்து பிரான்ஸ், ஸ்பெயின் துறைமுகங்களுக்குச் செல்லும் ஏழு நாள் பயணம். மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரர். தாய் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர். அவர்களுக்குத் தேவையில்லாத ஷெங்கன் விசா இவருக்குத் தேவை என்பது ஒருவருக்கும் மனதில் படவில்லை. “அம்மா கப்பலை விட்டு இறங்க மாட்டா” என்று மருமகன் கருமபீடத்தில் வாதாடியிருக்கிறார். பயனில்லை. இறங்கினாலும் இறங்காவிட்டாலும் விசா வேண்டும் என்றே சொல்லியிருக்கின்றனர். பத்திரக் குறைபாட்டால் ஏறமுடியாமற் போனால் காசும் பொதுவாகத் திரும்பாது. மகள் தான் நிற்கிறேன் என்று அழ, தாய் வற்புறுத்தி எல்லோரையும் அனுப்பிவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் ஏழு நாட்கள் இருந்திருக்கிறார். “பிள்ளையளின்ர சந்தோசத்தைக் கெடுத்துப்போட்டன் எண்ட கவலைதான்” என்றார். அவர் என்ன கெடுத்தார்? பயணத்தை ஒழுங்கு செய்த எவரும் அவருடைய கடவுச்சீட்டைத் தனியாக எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கனடாவிலிருந்து போகும் தாய்மாருக்கும் இதே கதைதான். புளோரிடாவுக்குப் போக அமெரிக்க விசா வேண்டும். கப்பல் வேறு நாட்டுக்குப் போய்த் திரும்புவதால் அது பல தடவை நுழைய அனுமதிக்கும் விசாவாக இருக்க வேண்டும். திரும்பக் கனடாவுக்குள் நுழையவும் விசா இருக்க வேண்டும். இடையில் தொடும் நாடுகளின் விதிகள் அடிக்கடி மாறுவதால், இலங்கைக் கடவுச்சீட்டு என்று குறிப்பிட்டுக் கப்பல் கம்பனியிடம் எழுத்தில் கேட்டுப் பதில் எடுத்து வைப்பதே பாதுகாப்பு.

துறைமுகத்தில் இறங்கியதும் பெரிய பெட்டிகளைச் சுமைகாரர் வாங்கிக்கொள்வர். அறை இலக்கம் எழுதிய அட்டை பெட்டியில் கட்டப்பட்டிருக்கும். அது அறை வாசலுக்கு வர இரவாகவும் கூடும். இங்கேதான் பல தாய்மார் மாட்டிக்கொள்கின்றனர். சீனி வருத்தத்துக்கான இன்சுலின், பிறஷர் குளிசை, மூக்குக்கண்ணாடி, மாற்றுடுப்பு எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் அடுக்கிவிட்டு, கைப்பையில் திருநீறும் கைக்குட்டையும் மாத்திரம் வைத்திருப்பர். மத்தியானக் குளிசை இரவு பத்து மணிக்குக் கிடைத்த தாயொருவரும் எனது கூட்டத்தில் இருந்தார். மகனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் அவ்வளவு சந்தோசமாக நின்றானாம். மருந்துகளை மருத்துவரின் துண்டோடு உங்கள் கைப்பையிலேயே வையுங்கள். உங்கள் கடவுச்சீட்டும் அங்கேயே இருக்கட்டும். மருமகனின் பையில் வேண்டாம். வரிசை இரண்டாகப் பிரிந்தால் நீங்கள் ஒரு பக்கமும் உங்கள் அடையாளம் மறுபக்கமும் நிற்கும்.

பருத்தித்துறை வடையும் எள்ளுருண்டையும் கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டவர்களும் உண்டு. வீட்டில் சமைத்த உணவைப் பொதுவாக விடுவதில்லை. கடையில் வாங்கி மூடியிருக்கும் பக்கற் என்றால் பெரும்பாலும் விடுவர். சோறு சமைக்கும் மின்பானை, இஸ்திரிப்பெட்டி, சாமி படத்துக்கு ஏற்றும் மெழுகுதிரி ஆகியவற்றைப் பறித்து வைத்துக்கொள்வர். கடலின் நடுவே தீ என்றால் ஓட இடமில்லை.

பதியும்போது வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல் இருந்ததா என்றும், நடப்பதற்கு உதவி தேவையா என்றும் கேட்பர். இந்த இடத்தில்தான் எமது பெண்கள் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிப் பழகிய பழக்கம் ஆபத்தாகின்றது. படியேற முடியாதவர், காது மந்தமானவர், இரவில் கண் தெரியாதவர் எல்லோரும் ‘ஒன்றுமில்லை’தான். பிள்ளைக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாதாம். இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அறிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 1987 மார்ச் 6ஆந் திகதி பெல்ஜியத்தின் சீபுருக் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ‘ஹெரால்ட் ஒஃப் ஃபிறீ என்டர்பிறைஸ்’ என்ற பயணிகள் கப்பல் சில நிமிடங்களிலேயே கவிழ்ந்து 193 பேர் இறந்தனர். அந்தக் கப்பலில் எத்தனை பேர் ஏறியிருந்தனர் என்ற சரியான கணக்கு அன்றிரவு எவரிடமும் இருக்கவில்லை. யாரைத் தேடுவது, எத்தனை பேரைத் தேடுவது என்றே தெரியவில்லை. இன்று கடலில் உயிர்காப்பு பற்றிய சர்வதேச உடன்படிக்கையின்படி, பயணிகள் கப்பல் புறப்படுமுன் ஏறியோர் அனைவரும் எண்ணப்பட வேண்டும். ஆபத்து வேளையில் விசேட உதவி தேவை என்று கூறியவர்களின் விபரம் மாலுமித் தலைவனின் கைக்குப் போக வேண்டும். கூறியவர்களின் விபரம்தான் போகும். கூறாதவரைத் தேடி ஒருவரும் அறைக்கு வரமாட்டார்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேட்கச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கர்ப்பிணி மகளோடு போக எண்ணுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பயணம் முடியுமுன் 24ஆவது வாரத்தை அடையும் கர்ப்பிணிகளைப் பெரிய கம்பனிகள் பல ஏற்றுவதில்லை. அதற்குக் குறைந்த மாதமானாலும் மருத்துவரின் கடிதம் கேட்பர். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும் பொதுவாக ஏற்றுவதில்லை. பெற்றோரின்றிப் பேரப்பிள்ளையைக் கூட்டிப் போகும் அம்மம்மாவிடம் பெற்றோரின் சம்மதக் கடிதம் இருக்க வேண்டும்.

ஏறியவுடன் சாப்பாட்டு மண்டபத்துக்கு ஓடுவதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. உங்கள் கூடுமிடம் எது, ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் என்ன செய்வது என்று காட்டுவர். 2012 ஜனவரி 13ஆந் திகதி இத்தாலியில் ‘கொஸ்தா கொன்கோர்டியா’ பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று மாலையில் ஏறிய சுமார் 700 பேருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 24 மணித்தியாலத்துக்குள் நடத்தினால் போதும் என்றே அன்றைய விதி இருந்தது. 2015 ஜனவரியிலிருந்து அது மாறி, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்றாகியது. ஆங்கிலம் விளங்காவிட்டால் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது நல்ல வேலை.

இடைத் துறைமுகங்களில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பதற்கும் நேரக் கணக்கு உண்டு. எல்லோரும் திரும்பி ஏற வேண்டிய நேரம் இறங்கும் வாசலிலேயே எழுதப்பட்டிருக்கும். சில கப்பல்கள் உள்ளூர் நேரத்தைப் பின்பற்றாமல் தமது நேரத்திலேயே ஓடும். கைத்தொலைபேசியோ உள்ளூர் நேரத்துக்குத் தானே மாறிவிடும். பழைய கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பிக் கட்டிக்கொள்வது நல்லது. 2024 மார்ச் மாதத்தில் ஆபிரிக்காவின் சா தோமே தீவில், வெளியார் ஒழுங்கு செய்த சுற்றுலாவுக்குப் போய்ப் பிந்தி வந்த எட்டுப் பேரை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. அவர்களுள் கர்ப்பிணிப் பெண்ணொருவரும் வயோதிபர்களும் இருந்தனர். நாடு நாடாகக் கடந்து பல நாட்களின் பின் செனகல் நாட்டில்தான் அவர்கள் கப்பலைப் பிடித்தனர். கப்பல் கம்பனியே ஒழுங்கு செய்யும் சுற்றுலா பிந்தினால் கப்பல் பொதுவாகக் காத்து நிற்கும். விலை கூடத்தான், ஆனாலும் வயதானவர்களோடு போகும்போது அதையே எடுக்கலாம்.

இறங்கும்போது அறைச் சாவி அட்டையும், கடவுச்சீட்டின் பிரதியொன்றும், அன்றைய அறிவித்தல் தாளிலுள்ள துறைமுக முகவரின் தொலைபேசி இலக்கமும் உங்கள் பையிலேயே இருக்கட்டும். ஒரு நாள் குளிசையும் கூடவே.