ஸ்டென்டா, பைபாஸா? கையெழுத்திடும் முன்...

ஆஞ்சியோகிராம் செய்த மருத்துவர் வெளியே வந்து, "மூன்று குழாய்களிலும் அடைப்பு இருக்கிறது. இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாமா?" என்று கேட்கிறார். நோயாளி உள்ளே படுத்திருக்கிறார். வாசலில் நிற்கும் மகனோ மகளோ சில நிமிடங்களில் கையெழுத்திட வேண்டும்.

மாரடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும் வேளையானால் யோசிக்க இடமில்லை. தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை மடிகிறது. உடனே ஸ்டென்ட் வைப்பதே முறை. ஆனால் நடந்தால் வலித்து, நின்றால் தணிகின்ற நெஞ்சுவலி பல மாதங்களாக ஒரே நிலையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் சில நாட்களாவது அவகாசம் உண்டு. இதைப் பலர் அறிவதில்லை.

ஸ்டென்ட், அடைபட்ட இடத்தை மட்டும் விரித்துத் தாங்குகிறது. பைபாஸ் அடைப்பைத் தொடுவதே இல்லை. மார்பின் உட்புறத் தமனியையோ காலின் சிரையையோ கொண்டு, அடைப்புக்கு அப்பால் இரத்தம் சென்றுசேர மாற்றுவழி அமைக்கிறது. இணைப்புக்கு முன்னுள்ள பகுதியில் பின்னாளில் புதிய அடைப்பு தோன்றினாலும் அந்த வழி திறந்தே இருக்கும். குழாய் நெடுகிலும் கொழுப்பு படியும் நீரிழிவு நோயாளிகளுக்கு இது பெரிய வேறுபாடு. பல குழாய்களில் அடைப்புள்ள 1,900 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்து, 2012இல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வில், 5 ஆண்டுகளுக்குள் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுள் ஒன்றைச் சந்தித்தோர் ஸ்டென்ட் பிரிவில் 26.6 விழுக்காடு, பைபாஸ் பிரிவில் 18.7 விழுக்காடு. பக்கவாதம் மட்டும் பைபாஸ் பிரிவிலேயே அதிகம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஒரே குழாயில் அடைப்பு என்றாலோ, நுரையீரலும் சிறுநீரகமும் நலிந்த முதியவர் என்றாலோ ஸ்டென்டே பெரும்பாலும் பொருந்தும். மூன்றாவது வழியும் உண்டு. 2020இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வில், இடது பிரதான தமனியில் அடைப்பில்லாத, நிலையான நோயாளிகளுக்கு மருந்துடன் ஸ்டென்ட் அல்லது பைபாஸையும் முதலிலேயே சேர்த்ததால் மரணங்கள் குறையவில்லை. நெஞ்சுவலி மட்டும் நன்கு தணிந்தது.

ஆகவே அவசரமில்லை என்று மருத்துவர் உறுதி செய்தால், ஆஞ்சியோகிராம் குறுந்தகட்டை வாங்கி, இதய மருத்துவர், இதய அறுவை நிபுணர் இருவரிடமும் காட்டுங்கள். ஒருவர் கருத்து மட்டும் போதாது; அவரவர் கைவந்த கலையின்மேல் அவரவர்க்குச் சாய்வு இருப்பது இயல்பே. ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரி முதல் அரசு உச்சவரம்பு உண்டு. பில்லில் அது தனியே காட்டப்பட வேண்டும்.

ஸ்டென்ட் வைத்தபின் இரத்தம் உறையாதிருக்க இருவகை மாத்திரைகளைப் பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்கள் வரை விடாது உட்கொள்ள வேண்டும். அதற்குள் வேறு அறுவை சிகிச்சை ஏதேனும் திட்டமிட்டிருந்தால், கையெழுத்திடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.