எண்ணெயைத் தெளிவிக்கும் சவ்வுகள்: முதலீட்டுக்கு முன் அறிய வேண்டியவை

நம் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி இறக்குமதியால் நிறைவு செய்யப்படுகிறது. எனவே, சுத்திகரிப்பில் வீணாகும் எண்ணெய் ஆலைக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் இழப்பாகும்.

சோயாவிலிருந்து ஹெக்சேன் எனும் கரைப்பான் மூலம் பிரித்தெடுக்கப்படும் எண்ணெயில் பாஸ்போலிப்பிடு எனும் பசைப்பொருள் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு வரை இருக்கும். வழக்கமான முறையில் நீர் அல்லது அமிலம் சேர்த்துப் பசையை நீக்குவர். எரிசோடாவால் கொழுப்பு அமிலத்தைப் போக்குவர். வெளுப்பு மண்ணால் நிறத்தை அகற்றுவர். பசை, சோப்புக் கசடு, மண் ஆகியவற்றுடன் நல்ல எண்ணெயும் வெளியேறிவிடுகிறது.

சவ்வு வடிகட்டல் இதற்கு ஒரு மாற்று வழி. ஹெக்சேனில் பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகள் ஒன்றுகூடித் திரள்களாகின்றன. எண்ணெயின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 900. திரளின் எடையோ 20,000 அளவை எட்டும். ஆகவே நுண்துளைச் சவ்வு திரளைத் தடுத்து எண்ணெயை மட்டும் விடுகிறது. மைசூருவிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் இத்துறையில் ஆய்வு செய்துள்ளது.

ஆயினும், பசை படிந்து துளைகள் அடைபடும். ஹெக்சேன் பட்டுச் சில பாலிமர் சவ்வுகள் உப்பிச் சிதையும். இதற்கெனவே சவ்வின் மேற்பரப்பு மாற்றியமைக்கப்படுகிறது. பாலிமர் சவ்வின்மீது மெல்லிய சிலிக்கோன் படலம் பூசப்படுகிறது. நீரை நாடும் இயல்புடைய பீங்கான் சவ்வு, சிலேன் சேர்மங்களால் எண்ணெயை நாடும் இயல்பு பெறுகிறது. எனினும் கொழுப்பு அமிலம் சிறிய மூலக்கூறாதலால் எண்ணெயுடன் கடந்துவிடும். அதனை நீக்கத் தனிப் படிநிலை தேவை.

இத்தகைய இயந்திரத்துக்குக் கடன் கோரும் தொழில்முனைவோர் மூன்று விவரங்களைக் கேட்டுப் பெறுதல் நலம். தங்கள் ஆலை எண்ணெயைக் கொண்டே பல வாரங்கள் சோதனை ஓட்டம் நடந்ததா? கழுவிய பின் சவ்வின் ஓட்ட வேகம் எவ்வளவு மீள்கிறது? சவ்வின் ஆயுளும் மாற்றுச் செலவும் யாவை?

திட்ட அறிக்கையில் சவ்வு மாற்றுச் செலவை இயந்திர விலையுடன் சேர்த்துவிடாமல், தொடர் செலவாகக் காட்டுவதே முறை. சவ்வின் ஓட்டம் பாதியானால் அன்றைய உற்பத்தியும் பாதியாகும். மாதத் தவணையோ குறையாது. எனவே முதல் நாள் வேகத்தைவிட ஆறாம் மாத வேகமே கடன் திட்டத்துக்கு அடிப்படையாக அமைய வேண்டும்.