மோட்டார் வண்டிக்கு அணி எது?

இலங்கையில் மோட்டார் வண்டி வைத்திருப்போர் எல்லோரும் செல்வர் அல்லர். ஆசிரியர், எழுதுவினைஞர், தாதியர், சிறுகடை நடத்துவோர், ஓய்வூதியம் பெறுவோர் எனப் பலர், பல ஆண்டுகள் மிச்சம் பிடித்தும் கடன்பட்டும் ஒரு வண்டியை வாங்கியிருக்கின்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டு காலத்தில், கையிலிருந்த வண்டியையே பேணிக் காக்கவேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. புதியது வாங்க இயலாதபோது பழையதை அழகுபடுத்த விரும்புதல் மனித இயல்பு. பகட்டான சில்லுகள், நிற விளக்குகள், ஆசன உறைகள், உரத்துக் கூவும் ஹோர்ன்கள் முதலியன கடைகளில் நிரம்பிக் கிடக்கின்றன. செலவிடக்கூடிய பணமோ ஓர் எல்லைக்குட்பட்டது. அதனை எதற்கு முதலிற் செலவிடுவது என்பதே ஒவ்வொரு வண்டிக்காரரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாகும்.

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு வண்டியின் மேற்புறத்தை விட்டு, அது நிலத்தைத் தொடும் இடத்தை நோக்குதல் வேண்டும். ஆயிரங் கிலோகிராம் நிறையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 2,200 இறாத்தல். நான்கு சில்லுகளும் அச்சுமையைச் சமமாகத் தாங்குகின்றன எனக் கொண்டால், ஒவ்வொன்றின் பங்கும் 550 இறாத்தல் ஆகும். ரயரினுள் இருக்கும் காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் எனின், அச்சுமையைத் தாங்குவதற்கு ஏறத்தாழ 18 சதுர அங்குலப் பரப்பே வீதியிற் படிந்திருக்கும். அஃதாவது, ஆறங்குல நீளமும் மூன்றங்குல அகலமும் கொண்ட ஓரிடம். ஒரு மனிதரின் உள்ளங்கையளவு. வண்டி முன்னே செல்வதும், வளைவில் திரும்புவதும், குறுக்கே ஓடிவந்த குழந்தைக்காக நிற்பதும் இந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியினாலேயே. பிறேக் எவ்வளவு வலியதாயினும் அது சில்லின் சுழற்சியைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது ரயர்.

இத்தகைய ரயர் ஒருநாளில் தோன்றியதன்று. வெயிலில் உருகியும் குளிரில் உடைந்தும் பயனற்றுக் கிடந்த இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையை அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். காற்றடைத்த சில்லுக்கு ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த றொபேட் தொம்சன் 1845இல் உரிமப் பத்திரம் பெற்றார். எனினும் அக்காலத்தில் அதனை எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை. பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் டன்லொப் தம் மகனின் முச்சக்கர மிதிவண்டிக்காக அதனைத் தாமாகவே மீண்டும் உருவாக்கி, 1888இல் உரிமம் பெற்ற பின்னரே காற்று ரயர் உலகெங்கும் பரவிற்று. இதற்கிடையில், 1876ஆம் ஆண்டில், பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைப்பித்த இறப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆதலால் ரயரின் வரலாற்றில் இந்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

ரயரைப் பேணுதலில் முதன்மையானது காற்றமுக்கம். காற்றுக் குறைந்த ரயர் நிலத்திற் படியுந்தோறும் அதன் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கின்றது. மடங்கி நிமிரும் ஒவ்வொரு முறையும் வெப்பம் பிறக்கின்றது. 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சிறிய கார் செல்லும்போது, அதன் சில்லு ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 15 தடவை சுழல்கின்றது. ஒரு மணி நேரத்தில் அது 54,000 தடவையாகும். ஊருக்குள்ளே மெதுவாக ஓடியபோது பொறுத்துக்கொண்ட ரயர், அங்கே வெப்பந் தாங்காது திடீரென வெடித்துவிடுதற்குப் பெரும்பாலும் காற்றுக் குறைவும் மிகைச் சுமையுமே காரணங்கள். மயிலிறகேயாயினும் அளவு மிஞ்சினால் வண்டி தாங்காது என்று வள்ளுவர் உணர்த்தியது ரயருக்கும் பொருந்தும். அளவுக்கு மேற் காற்றடித்தலும் நன்றன்று. அப்போது ரயரின் நடுப்பகுதி மட்டுமே நிலத்தைத் தொடும், பிடி குறையும், குழியில் விழும்போது அடி பலமாகும்.

சரியான அமுக்கம் எவ்வளவு என்பதைப் பெரும்பாலான கார்களில் சாரதியின் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள சிறு தாளிற் காணலாம். ரயரின் பக்கச்சுவரிற் பொறிக்கப்பட்டிருக்கும் அமுக்கம் அந்த ரயர் தாங்கக்கூடிய மிகக் கூடிய அளவேயன்றி, அடிக்கவேண்டிய அளவன்று. வண்டி ஓடி ரயர் சூடேறிய பின் அமுக்கமும் உயர்ந்து காட்டும்; ஆகையால் காலையிற் புறப்படுமுன் அளத்தலே முறை. சிறிய அமுக்கமானி ஒன்று விலை குறைந்தது. வீட்டிலேயே வைத்திருக்கத் தக்கது. மாதம் ஒருமுறையும் நெடும்பயணத்துக்கு முன்னரும் நான்கு ரயர்களையும், பின்னே மறந்துகிடக்கும் மேலதிகச் சில்லையும் அளந்து பார்த்தல் நல்வழக்கம்.

தேய்ந்த ரயர் தன் நோயைத் தானே சொல்லும். இரு ஓரங்களும் தேய்ந்திருப்பின் காற்றுக் குறைவு. நடு தேய்ந்திருப்பின் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருப்பின் சில்லுகள் நேர் தவறியுள்ளன என்பது பொருள். வீல் அலைன்மன்ற் செய்விக்க வேண்டும். இடையிடையே குழிகுழியாகத் தேய்ந்திருப்பின் அதிர்வு தாங்கிகள் தளர்ந்திருக்கக்கூடும். நோயைத் தீர்க்காது புதிய ரயரைப் பூட்டினால் அதுவும் அவ்வாறே அழியும். எட்டாயிரம் முதல் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்சில்லுகளையும் பின்சில்லுகளையும் இடம் மாற்றுதலும் ஆயுளை நீட்டும்.

ரயரின் மேற்பரப்பில் வெட்டப்பட்டுள்ள தவாளிப்புகள் அழகுக்காக ஏற்பட்டவையல்ல. மழைநீரைச் சில்லின் அடியிலிருந்து வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை. அவை ஆழங் குன்றினால் நீர் வெளியேற வழியின்றிச் சில்லின் முன்னே ஆப்புப் போற் செருகி ரயரை நிலத்திலிருந்து தூக்கிவிடும். அந்நேரத்தில் சுக்கானைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பிறேக்கை மிதித்தாலும் நில்லாது. நீண்ட வெயிலின் பின் பெய்யும் முதல் மழையில் வீதியிற் படிந்த எண்ணெயும் புழுதியும் கலந்து வழுக்குவதும் உண்டு. கடுகண்ணாவை இறக்கத்திலோ ரம்பொடை வளைவுகளிலோ மொட்டை ரயரோடு மழையில் அகப்பட்டவரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. புதிய கார் ரயரில் தவாளிப்பு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழமாயிருக்கும். தவாளிப்பின் அடியில் 1.6 மில்லிமீற்றர் உயரமான சிறு மேடுகள் இடையிடையே இருத்தலை நேயர்கள் தத்தம் வண்டியிற் கண்டுகொள்ளலாம். மேற்பரப்புத் தேய்ந்து அம்மேட்டோடு சமமாகிவிட்டால் ரயரின் காலம் முடிந்தது. மழை மிகுந்த நாட்டில் அதுவரை காத்திராது, 3 மில்லிமீற்றர் அளவிலேயே மாற்ற எண்ணுதல் அறிவுடைமை.

தேய்மானம் போலவே வயதும் ரயரை அழிக்கும். அதிகம் ஓடாது கராச்சில் நிற்கும் வண்டியின் ரயர் பார்வைக்குப் புதியதாகத் தோன்றினும், காற்றும் வெப்பமும் வெயிலும் இறப்பரை உள்ளிருந்தே இறுகச் செய்து வெடிக்கப் பண்ணும். பக்கச்சுவரில் உள்ள நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் ரயர் பிறந்த காலத்தைக் காட்டுவன. 2319 என்றிருப்பின் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் ஆக்கப்பட்டது. ஐந்து ஆண்டு கடந்த ரயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடங் காட்டல் வேண்டும். பத்து ஆண்டு கடந்ததை, எவ்வளவு அழகாயிருப்பினும், கழித்துவிடல் வேண்டும். பாவித்த ரயர் வாங்குவோர் விலையைக் கேட்குமுன் இந்த நான்கு இலக்கங்களைப் பார்க்கவேண்டும்.

நான்கையும் ஒருங்கே மாற்றப் பணம் போதாதவர் இரண்டு புதிய ரயர்களை வாங்குவதுண்டு. அவற்றை முன்னே பூட்டுவதே பாதுகாப்பு எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. முன்சில்லு வழுக்கினால் வண்டி நேரே செல்ல முற்படும். சாரதி அதனை உடனே உணர்ந்து வேகத்தைக் குறைத்துச் சமாளித்தல் கூடும். பின்சில்லு வழுக்கினாலோ வண்டி சுழன்றுவிடும். அனுபவம் மிக்க சாரதியும் அதனை மீட்டல் அரிது. ஆகையால் நல்ல ரயர்கள் பின்னுக்கே உரியவை.

இனி, பலரும் விரும்பும் பெரிய சில்லுகளைப் பற்றி நோக்குவோம். 175/65 ஆர் 14 என்னும் எண்ணில் 175 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. 14 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். இதனைக் கணக்கிட்டால் சில்லின் முழு விட்டம் 583 மில்லிமீற்றர் வரும். 15 அங்குல றிம் வேண்டுமெனின் 185/55 ஆர் 15 பொருந்தும். அதன் விட்டமும் ஏறத்தாழ 584 மில்லிமீற்றரே. கணக்குப் பாராது 185/65 ஆர் 15 பூட்டினால் விட்டம் 621 மில்லிமீற்றராகிவிடும். சில்லு காப்புத் தகட்டில் உரசக்கூடும். வேகமானி 60 எனக் காட்டும்போது வண்டி உண்மையில் 64 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். விட்டம் பொருந்தினாலும், பக்கச்சுவர் குறுகியதால் குழிகளின் அடியை றிம் தாங்கவேண்டிவரும் என்பதையும் மறத்தலாகாது. அளவெண்ணைத் தொடர்ந்து வரும் எண், தாங்கக்கூடிய சுமையைக் குறிப்பது. 82 என்றிருப்பின் ஒரு ரயர் 475 கிலோகிராம் தாங்கும். புதிய ரயரின் சுமை எண் பழையதிற் குறையலாகாது.

விளக்குகளிலும் இவ்வாறே ஏமாற்றம் உண்டு. வழமையான முன்விளக்கின் கண்ணாடிக் குழிவு, மின்குமிழின் இழை இருக்கவேண்டிய இடத்தைக் கணித்து அமைக்கப்பட்டது. அவ்விடத்தில் எல்.ஈ.டி. விளக்கைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். தன் சாரதிக்குத் தொலைவு தெளிவாகத் தெரியாமலும் போகலாம். 60 வாற்று மின்குமிழுக்குப் பதிலாக 100 வாற்றுக் குமிழைப் பூட்டினால், அதே கம்பியில் எழும் வெப்பம் ஏறத்தாழ மூன்று மடங்காகும். உறை உருகித் தீப்பற்றவும் இடமுண்டு. இருட்டிற் பார்வை மங்குகிறதெனக் குறைப்படுவோர், மஞ்சளித்துப்போன விளக்கு மூடியைத் தேய்த்துத் துலக்கி, விளக்கின் சாய்வைச் சரிசெய்வித்து, ஆண்டுக்கொருமுறை கண்ணாடித் துடைப்பான்களையும் மாற்றினால், சிறு செலவிற் பெரும்பயன் பெறுவர்.

ஏனைய துணைப்பொருள்களிலும் தீங்கற்றன போலத் தோன்றிச் சில தீங்கு செய்வன. சாரதியின் காலடி விரிப்பு நகர்ந்து மிதியின் கீழோ மேலோ சிக்குதல் சிறிய விடயமன்று. இக்காரணத்தாலேயே 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ஒரு பெரிய நிறுவனம் மீள அழைக்க நேர்ந்தது. கொளுக்கியில் மாட்டி நிலைபெறும் ஒற்றை விரிப்பே போதும். ஒன்றன்மேல் ஒன்று விரித்தல் ஆகாது. ஆசனத்தின் பக்கத்தில் காற்றுப்பை உள்ள காருக்கு முழு உறை போட்டால், விபத்தின்போது அப்பை வெளிவரத் தடையாகலாம். கூரைமேற் பூட்டிய சுமைச்சட்டம் வெறுமையாயிருப்பினும் காற்றைத் தடுத்துப் பெற்றோலைக் கூட்டும். வேண்டாதபோது கழற்றிவைத்தல் நன்று. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொலிசார் பேருந்துகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் மிகையான அணிகளைக் களைய முற்பட்டபோது எழுந்த மனக்கசப்பைப் பலர் அறிவர். உழைத்த பணத்திற் பூட்டியதைக் கழற்றச் சொன்னால் நோவு உண்டாதல் இயல்பே. பூட்டுமுன்னரே சட்டத்தையும் பயனையும் விசாரித்திருந்தால் அந்நோவு நேராது.

அங்ஙனமாயின் வாங்கத் தக்கன யாவை? சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அவர்களின் நிறைக்கேற்ற பிள்ளை ஆசனம் முதலாவது. மடியில் வைத்திருக்கும் குழந்தையை மோதலின்போது எந்தத் தாயின் கையும் பிடித்துவைத்திருக்க இயலாது. அடுத்து அமுக்கமானி, ஒளி தெறிக்கும் முக்கோண எச்சரிக்கைப் பலகை, சிறிய தீயணைகருவி, கைவிளக்கு, நல்ல நிலையிலுள்ள சில்லு தூக்கும் ஜாக்கி. இவை யாவும் சேர்ந்தாலும் பகட்டான நான்கு சில்லுகளின் விலையை எட்டா.

யாழ்ப்பாணத்திலே 1990களில் பெற்றோல் கிடையாத காலத்தில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடி நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தன. அவற்றுக்கு அணிகலன் இல்லை. பேணுவாரின் கையே அவற்றை ஓடவைத்தது. இன்று பெற்றோலும் உதிரிப்பாகமும் கிடைக்கின்றன. ஆயினும் செலவின் ஒழுங்கு மாறவில்லை: முதலில் ரயரும் பிறேக்கும்; பின்னர் விளக்கும் துடைப்பானும்; அதன்பின் ஆசனப்பட்டியும் பிள்ளை ஆசனமும் உட்பட உள்ளிருப்போரைக் காப்பன; அவற்றுக்குப் பின்னும் பணம் எஞ்சுமாயின் விரும்பிய அழகு. நாளைக் காலையிற் புறப்படுமுன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து நான்கு ரயர்களையும் குனிந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும்.