ஐன்ஸ்டைன் வீட்டுக்கு வந்த அமெச்சூர்!

‘எனக்கு ஒரு தியரி தோணுது’ என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் நைசாக நழுவிவிடுவோம். ஐன்ஸ்டைன் நழுவவில்லை.

1936, பிரின்ஸ்டன். செக் நாட்டில் பிறந்த இன்ஜினீயர் ரூடி மாண்டல் அவரைத் தேடி வந்தார். அறிவியல் செய்தி நிறுவனம் ஒன்று கொடுத்த சிறுதொகைதான் வழிச்செலவு. இயற்பியல் அவர் தொழில் அல்ல; ஆசை.

ஈர்ப்பு விசை ஒளியை வளைக்கும் என்பது 1919 சூரிய கிரகணத்திலேயே தெரிந்துவிட்டது. ‘அப்படியானால், ஒரு நட்சத்திரம் தனக்கு நேர் பின்னால் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளியை லென்ஸ் போலக் குவிக்குமே?’ என்றார் மாண்டல். அதோடு விடவில்லை. அப்படிக் குவிந்த கதிர்களால்தான் பூமியில் உயிரினங்கள் மாறின, அழிந்தன என்றும் சொன்னார். ‘இதையெல்லாம் வெளியிட்டால் சிரிப்பார்கள்’ என்று எச்சரித்தார் ஐன்ஸ்டைன்.

மாண்டல் விடாமல் கடிதம் எழுதினார். கடைசியில், லென்ஸ் கணக்கை மட்டும் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார் ஐன்ஸ்டைன். முதல் வரியிலேயே மாண்டலின் பெயர்! ஆனால், ‘இதற்குப் பெரிய மதிப்பில்லை, பாவம், அந்த மனிதருக்குச் சந்தோஷம்’ என்கிற தொனியில் இதழாசிரியருக்குக் கடிதமும் எழுதினார்.

இதை நேரில் பார்க்க வாய்ப்பே இல்லை என்றும் நினைத்தார். 1979-ல் வானியலாளர்கள் பார்த்தேவிட்டார்கள். ஒரே குவாசார் இரண்டாகத் தெரிந்தது. லென்ஸாக நின்றது இடையில் இருந்த கேலக்ஸி. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளை எடைபோட இன்று உதவுவதும் இந்த லென்ஸ்தான்.

மாண்டலின் கற்பனைகளில் கணக்குக்குள் வந்தது மட்டுமே நிலைத்தது. அடுத்த முறை யாராவது தியரி சொன்னால் நழுவாதீர்கள். ‘கணக்கு எங்கே?’ என்று கேளுங்கள்!