நிரந்தரப் பற்கள் ஏன் இழக்கப்படுகின்றன?

மாணவர்களே, பாற்பற்கள் 20 என்பதும், அவை ஏறத்தாழ 6 வயதிலிருந்து விழத் தொடங்கும் என்பதும் நீங்கள் அறிந்ததே. அதன்பின் முளைக்கும் நிரந்தரப் பற்கள் 32. (வெட்டும் பற்கள் 8, வேட்டைப் பற்கள் 4, முன்கடைவாய்ப் பற்கள் 8, பின்கடைவாய்ப் பற்கள் 12.) இவற்றில் ஒன்று போனால் மீண்டும் முளைக்காது.

"வயது போனால் பல்லு விழத்தானே வேணும்" என்று எமது வீடுகளில் கூறுவார்கள். இது சரியன்று. முதுமை தானாகப் பல்லை விழுத்துவதில்லை. பெரும்பாலும் நோயே விழுத்துகின்றது. அந்நோயைத் தடுக்கலாம்.

1. பற்சூத்தை

வாயிலுள்ள பற்றீரியாக்கள் நாம் உண்ணும் சீனியை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேற்பரப்பில் pH பெறுமானம் ஏறத்தாழ 5.5 இலும் குறையும்போது மிளிரி கரையத் தொடங்கும். மிளிரியில் நரம்பு இல்லாததால் ஆரம்பத்தில் நோ தெரியாது. குழி ஆழமாகி, நரம்பும் குருதிக் கலன்களும் உள்ள மச்சைப் பகுதியை நெருங்கும்போதே பல்லுக்கொதி ஏற்படும்.

கவனிக்க: கராம்பு வைத்துக் கொதி தணிந்தாலும் சூத்தை மாறாது. சில வேளைகளில் நரம்பு இறந்துபோவதாலேயே நோ நிற்கின்றது. தொற்று வேர் நுனி வரை பரவிச் சீழ் கட்டலாம். நேரத்துக்குச் சென்றால் குழியை அடைத்தோ, வேர்ச் சிகிச்சை செய்தோ பல்லைக் காப்பாற்றலாம். பிந்தினால் பிடுங்க வேண்டி வரும்.

2. முரசு நோய்

சரியாகத் துலக்காத பல்லில் பற்றீரியாப் படலம் படிந்து, பின்னர் கல்லுப் போன்ற காறையாக இறுகும். முரசு சிவந்து வீங்கும். துலக்கும்போது இரத்தம் கசியும். நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். பல் ஆடும்; சூத்தை இல்லாமலேயே விழும்.

இதற்குச் சான்று எமது நாட்டிலேயே உண்டு. 1970 இல் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ் ஆண் தொழிலாளரின் வாய்கள் பரிசோதிக்கப்பட்டன. 1985 வரை இவ்வாய்வு தொடர்ந்தது. பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்திய வசதியோ அவர்களுக்கு இருக்கவில்லை. சூத்தை மிக அரிது. ஆனால் ஏறத்தாழ அனைவரின் முரசும் அழற்சியுற்றிருந்தது. ஏறத்தாழ 8 வீதத்தினருக்கு நோய் விரைவாகவும், 81 வீதத்தினருக்கு மிதமாகவும் முற்றியது. 11 வீதத்தினருக்கு முற்றவில்லை. வயது மட்டுமே காரணமாயின், ஒத்த வயதினரிடையே இவ்வளவு வேறுபாடு இருக்குமா? சிந்தியுங்கள்.

3. நோயைத் தீவிரமாக்குவன

• சுருட்டு, சிகரெட்: முரசில் இரத்தக் கசிவைக் குறைத்து நோயை மறைத்துவிடும்.
• கட்டுப்படுத்தப்படாத நீரிழிவு.
• புகையிலை சேர்த்து வெற்றிலை போடுதல்: முரசைப் பாதிக்கும்; வாய்ப் புற்றுநோயையும் உண்டாக்கும்.

4. பல் பிடுங்கப்படும் ஏனைய சந்தர்ப்பங்கள்

• இடமின்றிச் சரிந்து முளைக்கும் ஞானப்பல்.
• நெருக்கமான பல்வரிசையைச் சீராக்குவதற்காக அகற்றப்படும் பல் (பெரும்பாலும் முன்கடைவாய்ப் பல்).
• விபத்தில் உடைந்து, காப்பாற்ற முடியாத பல்.

தடுக்கும் வழிகள்

புளோரைட்டு உள்ள பற்பசையால் நாளுக்கு இரு தடவை, குறிப்பாகப் படுக்கைக்குப் போகுமுன், பல் துலக்குக. இனிப்பை இடையிடையே உண்பதைக் குறைக்குக. நோ இல்லாவிடினும் பல் வைத்தியரிடம் காட்டுக. அரசாங்க வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளில் இச்சேவை இலவசம். வீட்டில் பெரியவர்களின் முரசில் இரத்தம் கசிந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

மாதிரி வினா

40 வயதான ஒருவரின் கீழ் வெட்டும் பல் ஆடுகின்றது. அதில் சூத்தை இல்லை. காரணத்தை விளக்குக.

விடை: முரசு நோய். பற்றீரியாப் படலமும் காறையும் படிந்ததால் முரசு அழற்சியுற்று, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துள்ளது. ("வயதானதால்" என மட்டும் எழுத வேண்டாம்.)