தட்டப்பயறு வேரில் ஓர் இளஞ்சிவப்பு

தாராவிக்கும் மித்தி ஆற்றுக்கும் நடுவே, சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையை ஒட்டி 37 ஏக்கரில் ஒரு காடு நிற்கிறது. மகாராஷ்டிரா நேச்சர் பார்க். கல்யாணில் லோக்கல் ஏறி சயானில் இறங்கினால் பக்கம்தான். 1970-களின் பிற்பாதி வரை மும்பை தன் குப்பையைக் கொட்டிய இடம் அது. 1983-இல் பறவையியலாளர் சாலிம் அலி அங்கே மரம் நடுவதைத் தொடங்கிவைத்தார். 1994 ஏப்ரல் 22, பூமி நாளன்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

குப்பைமேட்டில் மரம் வளர்ப்பது லேசுப்பட்ட காரியமல்ல. புதைந்த குப்பை காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேனும் கரியமில வாயுவும் கிட்டத்தட்டச் சரிபாதியாகக் கிளம்பி, மண்ணின் இடுக்குகளில் இருக்கும் ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். வேருக்கும் மூச்சு வேண்டுமே! மேலே நல்ல மண்ணைப் போர்த்தினால், மீத்தேனையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் அதில் குடியேறும். பிறகு இலை உதிர்ந்து மக்கி, புழு வந்து, மண் மெல்ல மண்ணாகும்.

இந்தக் காட்டை ஒட்டிய தாராவியில், மே மாத விடுமுறைக்கு ரயில் டிக்கெட் கிடைத்த தமிழ்க் குடும்பங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போய்விடும். போக முடியாத பிள்ளைகளுக்குத் தகரக் கூரையும் சந்தும்தான். அவர்களுக்காக நடக்கும் தோட்ட முகாம்களையும் ஓவிய முகாம்களையும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முகாமில் பிள்ளைகளிடம் ஒரு பழைய பெயின்ட் டப்பாவைக் கழுவி, அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டு, தோட்டத்து மண் நிரப்பி, தட்டப்பயறு ஊன்றச் சொல்லுங்கள். ஐந்தாறு வாரம் கழித்து ஒரு செடியைப் பிடுங்கி, வேரை அலசிப் பார்த்தால் கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு! நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம் அது. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கும் ரைசோபியா பாக்டீரியா அந்த முடிச்சுக்குள் இருக்கிறது. ஆக்சிஜன் மிகுந்தால் அதன் நொதி கெட்டுவிடும். குறைந்தால் பாக்டீரியா பிழைக்காது. அந்த அளவைக் காப்பதுதான் சிவப்புப் புரதத்தின் வேலை.

அந்த வேரை அப்படியே வரையச் சொல்ல வேண்டும். பென்சிலை எடுத்த பிறகுதான் முடிச்சு எந்த வேரில் இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று கண் தேடத் தொடங்கும். தாராவியில் பிள்ளைகளுக்காகவே ‘தாராவி ஆர்ட் ரூம்’ இருக்கிறது. களிமண்ணுக்குக் குயவர்களின் கும்பார்வாடா இருக்கிறது. ஓவியமும் தோட்டமும் ஒரே முகாமில் நடக்க வேண்டும் என்பது என் கட்சி.

மண்ணைத் தொடும் பிள்ளையின் உடம்பிலும் மாற்றம் நடக்கிறது. பின்லாந்தில் சில பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களின் முற்றத்தில் காட்டுத் தரையைப் பெயர்த்து வந்து விரித்தார்கள். 28 நாளில் குழந்தைகளின் தோலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. நோய் எதிர்ப்பாற்றலைச் சீராக வைக்கும் அறிகுறிகள் ரத்தத்தில் தெரிந்தன. 2020-இல் வெளியான ஆய்வு இது.

பசுமையைப் பார்ப்பதற்கும் பலன் உண்டு போலிருக்கிறது. சிகாகோவின் ராபர்ட் டெய்லர் குடியிருப்பில் ஏழைக் குடும்பங்களின் 169 பிள்ளைகளைச் சோதித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஜன்னல் வழியே அதிகப் பசுமை தெரிந்த வீட்டுப் பெண் பிள்ளைகள் கவனத்திலும் பொறுமையிலும் மேலாக இருந்தார்கள். பையன்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. அவர்கள் வீட்டைவிட்டுத் தள்ளிப்போய் விளையாடுவது காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

எங்கள் கல்யாணின் ஆதார்வாடி குப்பைமேட்டில் 2021-இல் குப்பை கொட்டுவது நின்றது. அங்கே ஒரு மூலையையாவது பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறேன். பழைய குப்பை மண்ணில் ஈயம் போன்ற உலோகங்கள் தங்கியிருக்கலாம் என்பதால் அந்த மண்ணில் பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. கீரையும் போடக் கூடாது. வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து சாக்கிலும் டப்பாவிலும் நிரப்பிக்கொள்ளலாம். மே மாதம் விதை போட்டுத் தண்ணீர் ஊற்றினால், ஜூன் மழை பிடிக்கும்போது வேரில் முடிச்சு விழுந்திருக்கும்.