கடல் இருந்த இடத்தில் ஒரு தங்கக் கோட்டை: ஜெய்சல்மேர் அதிசயங்கள் தெரியுமா?

ராஜஸ்தானின் மேற்குக் கோடியில், தார் பாலைவனத்தின் மணல்வெளியில் நின்றுகொண்டு, "இங்கே ஒரு காலத்தில் கடல் அலையடித்தது" என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்! ஜெய்சல்மேரைச் சுற்றியுள்ள மஞ்சள் பாறைகளுக்குள் கடல் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. பக்கத்து ஆகல் கிராமத்தில் மரங்களே கல்லாகிவிட்டன. அவற்றின் வயது சுமார் 18 கோடி ஆண்டுகள்! அது மட்டுமா? இந்த வட்டாரத்தில் தோண்டியெடுத்த எலும்புகளை ஆராய்ந்து, 2023இல் ஒரு புதிய டைனோசருக்கே பெயர் சூட்டினார்கள்: தாரோசாரஸ் இண்டிகஸ். 16.7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இலைதழை மேய்ந்த நீள்கழுத்து விலங்கு அது.

அந்தக் கடலடியில் படிந்து இறுகிய மஞ்சள் கல்தான் இன்று வீடாகவும் கோயிலாகவும் மாளிகையாகவும் எழுந்து நிற்கிறது. மாலை வெயில் பட்டால் போதும், ஊரே பொன்னாகிவிடும்! அதனால்தான் சத்யஜித் ராய் தன் துப்பறியும் கதைக்கு 'சோனார் கெல்லா', அதாவது தங்கக் கோட்டை, என்று பெயர் வைத்தார். 1974இல் அது திரைப்படமாக வந்தது. அன்று தொடங்கிய வங்காளப் பயணிகளின் வரவு இன்றுவரை ஓயவில்லை.

1156இல் பாட்டி ராஜபுத்திர அரசர் ராவல் ஜெய்சல், திரிகூட மலை என்ற குன்றின்மேல் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். அவர் பெயரே ஊருக்கும் ஆயிற்று. 99 கொத்தளங்கள்! பல சுவர்களில் சாந்தே கிடையாது. கல்லில் பள்ளமும் முளையும் செதுக்கி, ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்திவிட்டார்கள். சாந்து குழைக்கவும் தண்ணீர் வேண்டுமல்லவா? உலகப் பாரம்பரியச் சின்னமாக 2013இல் யுனெஸ்கோ அறிவித்த இந்தக் கோட்டைக்குள் இன்றும் ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள். துணி காய்கிறது, பள்ளிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள், சந்தில் மாடு வழிமறிக்கிறது. வெறும் காட்சிப்பொருளாகாத கோட்டை என்பதுதான் இதன் பெரிய பெருமை.

இப்போது சொல்லப்போவது தமிழ் வாசகர்கள் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி. கோட்டைக்குள் இருக்கும் சமணக் கோயில்களுக்கு அடியில் ஒரு நூலகம் உண்டு. பெயர் ஞான பண்டார். நம் ஊர் ஈரக்காற்றில் ஓலைச்சுவடி முந்நூறு, நானூறு ஆண்டுகள் தாங்கினாலே பெரிய காரியம். பாலைவனத்தின் உலர்காற்றிலோ ஆயிரம் ஆண்டை நெருங்கும் ஓலைகள் பத்திரமாக இருக்கின்றன! 1874இல் ஜெர்மானிய அறிஞர் கியோர்க் பியூலர் இங்கே வந்தபோது, அவர் கையில் ஒரு சமஸ்கிருதக் காவியத்தின் ஓலைப்பிரதி கிடைத்தது. காஷ்மீரக் கவி பில்ஹணர் எழுதிய 'விக்கிரமாங்கதேவ சரிதம்' அது. சாளுக்கிய மன்னர் ஆறாம் விக்கிரமாதித்தரின் வரலாறு. அதில் யார் வருகிறார்கள் தெரியுமா? நம் சோழர்கள்! வீரராஜேந்திரருக்குப் பின் சோழ நாட்டில் மூண்ட குழப்பம், விக்கிரமாதித்தர் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் வந்து தன் மைத்துனர் அதிராஜேந்திரரை அரியணையில் அமர்த்தியது, அந்த மைத்துனர் கொல்லப்பட்டு முதல் குலோத்துங்கர் ஆட்சிக்கு வந்தது... அதிராஜேந்திர சோழரின் அந்தக் குறுகிய ஆட்சியைப் பற்றி எழுதுகிற வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் புரட்டும் சான்று இது. காவிரிக் கரையில் நடந்ததைத் தார் மணல் காத்து வைத்திருந்தது!

சரி, ஆண்டுக்கு 20 செ.மீ.கூட மழை எட்டாத இடத்தில் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நகரம் எப்படிப் பிழைத்தது? இதைச் சொல்லாமல் ஜெய்சல்மேரைப் பற்றிச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

இங்கே தண்ணீரையே மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வானிலிருந்து விழுந்து குளத்தில் நிற்பது பாலர் பானி. ஆழத்தில், பெரும்பாலும் உப்பாக இருப்பது பாதாள் பானி. இரண்டுக்கும் நடுவில் மணலுக்குள் ஈரமாகத் தங்குவது ரேஜானி பானி. சில இடங்களில் மணலுக்குக் கீழே ஜிப்சம் படலம் ஒன்று ஓடுகிறது. மழைநீர் அதைத் தாண்டி இறங்காது. உப்பு நீரோடு கலக்கவும் செய்யாது. அந்த ஈரத்தைச் சொட்டுச் சொட்டாகத் திரட்டத்தான் 'குயீ' என்ற ஒடுங்கிய கிணறு.

அதைத் தோண்டுவதைக் கேளுங்கள்! ஓர் ஆள் குந்தி உட்காரும் அகலம்தான். கடப்பாரையை வீசக்கூட இடமில்லாததால் குட்டைக் கைப்பிடி உளியால் தோண்டுவார்கள். உள்ளே புழுக்கம் தாங்காது. மேலே நிற்பவர்கள் கைப்பிடி கைப்பிடியாக மணலை விசிறிப் போடுவார்கள். அது கீழே பாயும்போது வெளிக்காற்றையும் இழுத்துச் செல்லும். அந்த மணலும் கல்லும் தலையில் விழாமலிருக்க, கீழே இருப்பவர் உலோகப் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். பக்கவாட்டு மணல் சரியாமலிருக்க, கீப் என்ற செடியைக் கயிறாகத் திரித்துச் சுருள் சுருளாகச் சுற்றி அணை கட்டுவார்கள். இத்தனை பாடும் நாளுக்கு இரண்டு மூன்று குடம் நன்னீருக்காக!

நகரத்துக்கோ கடிசர் ஏரி. 14ஆம் நூற்றாண்டில் அரசர் ராவல் கட்ஸி வெட்டியது. அதன் அழகிய நுழைவாயிலைக் கட்டியவர் திலோன் என்ற கணிகை. "அவள் கட்டிய வாசல் வழியே அரண்மனைப் பெண்கள் போவதா?" என்று எதிர்ப்பு கிளம்ப, வாசலின் மேலேயே ஒரு கிருஷ்ணர் கோயிலை அமைத்து, யாரும் இடிக்க முடியாமல் செய்துவிட்டாராம்! கர்ணபரம்பரைக் கதைதான். ஆனால் வாசலும் கோயிலும் இன்றும் நிற்கின்றன. அந்தப் பெண்ணுக்கு என் வணக்கம்.

பாலிவால் பிராமணர்கள், பாறைச் சரிவில் வழியும் மழைநீரை மண்கரையால் மறித்து, அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவித்தார்கள். இந்தக் 'கடீன்' வயல்கள் இன்றும் விளைகின்றன. அவர்களுடைய குல்தாரா கிராமமோ 19ஆம் நூற்றாண்டில் காலியாகி, கூரையில்லாத சுவர்களாக நிற்கிறது. அதைப் பற்றிய பேய்க்கதைகளை விட்டுத்தள்ளுங்கள், அந்த வயல்கள்தான் பெரிய அதிசயம்.

நகருக்குள் இருக்கும் நாத்மல் ஹவேலி என்ற மாளிகையை இரண்டு சகோதரர்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகச் செதுக்கினார்கள். உற்றுப் பார்த்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறு! இங்குள்ள மாங்கணியார்கள் முஸ்லிம் இசைக் கலைஞர்கள். தலைமுறை தலைமுறையாக ராஜபுத்திரர் வீட்டு விசேஷங்களில் கண்ணன் பாட்டும் பாடி வருகிறார்கள். அவர்களில் ஒருவரான கமாயச்சா என்ற வில்லிசைக் கருவியின் மேதை ஸாக்கர் கானுக்கு 2012இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தியாவில் இயற்கைச் சூழலில் சுமார் 150 மட்டுமே எஞ்சியிருக்கும் கானமயில்களின் கடைசிப் பெரும்புகலிடமும் இந்த மாவட்டம்தான்.

இனி, மனத்தை உறுத்தும் செய்தி. பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து கிளம்பும் இந்திரா காந்தி கால்வாய் 1980களில் ஜெய்சல்மேர் மாவட்டத்தை எட்டியது. பஞ்சம் தீர்ந்தது, மகிழ்ச்சி. ஆனால் கோட்டைக்குள் குழாய்த் தண்ணீர் வந்ததும், விடுதிகள் பெருகியதும், குடத்துக் கணக்கில் புழங்கிய நீர் பலமடங்கானது. பழைய வடிகால்களால் தாங்க முடியவில்லை. கசிந்த நீர் குன்றின் களிமண் அடுக்குகளை இளக்கியது. சில கொத்தளங்கள் சரிந்தன. 1998இல் மதிலின் ஒரு பகுதி இடிந்து உயிர்களே போயின. படையெடுப்புகளுக்குப் பின்னும் நிலைத்து நின்ற கோட்டையைத் தண்ணீர் அரிக்கிறது.

ஜெய்சல்மேருக்குக் கட்டாயம் போங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். கோட்டையை நாள் முழுக்கச் சுற்றிப் பாருங்கள், உள்ளே இருப்பவர்களிடம் கடை கண்ணிகளில் தாராளமாக வாங்குங்கள். ஆனால் இரவு தங்க மட்டும் மதிலுக்கு வெளியே, கீழ் ஊரில் அறை எடுங்கள். நீங்கள் கோட்டைக்குள் செலவழிக்காத ஒவ்வொரு வாளித் தண்ணீரும் அந்தக் குன்றுக்குச் செய்யும் உதவி.